கால் உளைவுக்கு ஒரு கட்டுரை

என்ர தம்பியின்ர மனிசியை நான்தான் காப்பாத்தினன் எண்டு எங்கட குடும்பத்தில ஒரு கதை ஓடுது. பெருநாளைக்குச் சஹன் தட்டைச் சுத்தி இருந்து சாப்பிடேக்க யாராவது ஒரு ஆள் அதை எடுத்து விடும். படிச்ச பொம்பிளை ஒண்டு வீட்டில இருக்க வேணும், இல்லாட்டி அந்தப் பிள்ளை உம்மா இல்லாமத்தான் வளந்திருக்கும் எண்டு முடிப்பாங்க. நான் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருப்பன். அடக்கம் எண்டு நினைக்கிறாங்க. அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்ததை நடந்தபடி ஒருக்காலாவது எழுதி வைக்க வேணும்.

நாட்டில சண்டை முடிஞ்சு சில வருசம் போயிருந்த காலம். நான் புத்தளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில தாதி, ஆம்பிளையளின்ர சத்திரசிகிச்சை வார்டில. டிப்ளோமாவோட வேலைக்கு வந்த நாங்கள் கொஞ்சப் பேர், வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்கப் பதிஞ்சிருந்தம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கொழும்பில. விடிய முன்னம் சிலாபத்துக்கு பஸ், அங்க இருந்து ரயில், எங்கட பேச்சில கோச்சி. கடைசி வருசம் ஒரு ஆய்வு செய்து குடுக்க வேணும். அது சரிவந்தால் பட்டம். சரிவராட்டி இன்னும் ஒரு வருசம் கோச்சி.

நான் எடுத்த விசயம் எங்கட பொம்பிளையளின்ர நாப்பது. பிள்ளை பெத்தவ நாப்பது நாளைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டா. சில வீடுகளில கட்டிலை விட்டு இறங்கவே விட மாட்டாங்க. பூண்டு, மருந்துச் சரக்கு அவிச்ச தண்ணி, இலை அவிச்ச சுடுதண்ணி வார்ப்பு எல்லாம் தாராளமா நடக்கும். குடிக்கிற தண்ணி மட்டும் அளந்துதான். கூடக் குடிச்சால் வயிறு தொங்கிப்போகும் எண்டு பயம். எங்கட சனத்தைப் பத்தி எங்கட ஆள் ஒருத்தர்தானே எழுத வேணும் எண்டு எனக்கு ஒரு பெருமை வேற.

எங்களுக்கு வழிகாட்டின மேடம் சிங்களவர். இங்கிலீஷில படிப்பிப்பா, நல்ல மனிசி. ஒரு விசயத்தில மட்டும் இறுக்கம். கேள்வித்தாளில வாற ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும், முன்னம் யாரோ செய்த ஆய்வுக் கட்டுரை ஒண்டு நிக்க வேணும். உன்ர மூளையில உதிச்சது எண்டு ஒரு கேள்வியும் வரக் கூடாது. கேள்விக்கு எதிர்ல ஒரு கட்டம் போட்டு, இந்தக் கேள்வி எந்தக் கட்டுரையில இருந்து வந்தது எண்டு எழுதிக் காட்ட வேணும். கட்டம் வெறுமையாக் கிடந்தால் அந்தக் கேள்வியை வெட்டு எண்டுவா.

கட்டுரை தேடுறது எண்டால் என்னெண்டு வெளியில இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது. போனில ரெண்டு சொல்லு அடிச்சால் ஆயிரம் வரும். தலைப்புத் தெரியும், எழுதினவங்கட பேர் தெரியும், ஒரு பந்தி சுருக்கம் தெரியும். அதுக்குக் கீழ பூட்டு. திறக்கிறதுக்கு டொலரில கட்ட வேணும், கட்டுறதுக்கு வங்கிக் கார்ட் வேணும். எங்கட வகுப்பில ஒருத்தரிட்டயும் அப்பிடி ஒரு கார்ட் இல்லை. மேல் வகுப்புக்காரர் விட்டிட்டுப் போன பெண்டிரைவ் ஒண்டு கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அதில இருந்ததெல்லாம் நீரிழிவும் நேர்ஸ்மாரின்ர முதுகு நோவும். பிள்ளை பெத்தவளைப் பத்தி ஒண்டையும் காணேல்லை. சுருக்கத்தை மட்டும் வாசிச்சுப்போட்டு முழுசா வாசிச்ச மாதிரி எழுதுறது எங்களுக்குள்ள ஊரறிஞ்ச ரகசியம். நானும் எழுதினன். பொய் சொல்லி என்ன.

எனக்கு இருந்த ஒரே கதவு சவூதியில இருந்த ஒரு சிநேகிதி. என்னோட டிப்ளோமா படிச்சவள். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியின்ர நூலகத்துக்குள்ளால போனால் பூட்டுக் கட்டுரையள் திறக்கும். நான் தலைப்பை வட்ஸ்அப்பில அனுப்புவன், அவள் லீவு நாளில இறக்கி அனுப்புவாள். ஒண்டு கேட்டால் வர ஒரு கிழமை செல்லும். ஓசியில கேக்கிறவள் அவசரப்படுத்தேலுமா?

கேள்வித்தாள் ஒருமாதிரி ஒப்பேறினதும் முன்னோட்டம் செய்யச் சொன்னாங்க. ஆய்வு தொடங்க முன்னம், தெரிஞ்ச நாலைஞ்சு பேரிட்டக் கேட்டுப் பாக்கிறது. கேள்வி விளங்குதோ, எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாக்கத்தான் அது. எனக்கு ஆள் தேட வேண்டியிருக்கேல்லை. என்ர தம்பியின்ர மனிசி பிள்ளை பெத்து பதினோராம் நாள், புத்தளத்துக்குக் கிட்ட கரைத்தீவில தன்ர உம்மா வீட்டில படுத்திருந்தா. தம்பி மன்னாரில. சின்ன வயசில, சண்டைக்குள்ள எங்களைத் துரத்தேக்க விட்டிட்டு வந்த எங்கட வளவை, காடு வெட்டித் துப்புரவாக்கி, தகர வீடு அடிச்சுக்கொண்டிருந்தான். நாப்பது முடிய மனிசியையும் பிள்ளையையும் அங்க கூட்டிப் போறதா இருந்தது.

மேடம் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி விட்டது ஒண்டுதான். கேள்வி கேக்கேக்க நீ நேர்ஸ் இல்லை, ஆய்வு செய்யிற ஆள். புத்தி சொல்லாதே, முகத்தைச் சுழிக்காதே, தலையை ஆட்டாதே. நீ ஏதும் சொன்னால் அடுத்த பதில் மாறிப்போகும். நான் அதை வேதவாக்கா எடுத்துக்கொண்டன். வீட்டில இருந்து சீருடை போடாமத்தான் போனன். ஃபைலும் பேனையும் மட்டும் கையில.

அறையில ஜன்னலைச் சீலை போட்டு மூடியிருந்தது. பூண்டும் சாம்பிராணியும் மூக்கை அடைச்சது. தம்பியின்ர மனிசியும் நானும் ஆளுக்காள் மச்சி, அவவின்ர உம்மாவை நான் மாமி எண்டுதான் கூப்பிடுறது. மாமி எனக்கு ஒரு கதிரையைத் துடைச்சுப் போட்டு, பிளேன்டீயும் வைச்சிட்டு, வாசலில நிண்டுகொண்டிருந்தா. மச்சி பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டே பதில் சொன்னா. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தண்ணி? ரெண்டு. கட்டிலை விட்டு எத்தனை தரம் இறங்குறது? கக்கூசுக்கு மட்டும். நான் டிக் போட்டுக்கொண்டே போனன். ரெண்டு கோப்பை எண்டால் அது என்ன தண்ணி எண்டு நினைச்சன். ஆனால் வாயைத் திறக்கேல்லை. நல்ல ஆய்வாளர் தானே நான்.

கடைசிக் கேள்வி, வேற ஏதும் உடம்புக்குச் சரியில்லாமல் இருக்கோ எண்டது. மச்சி கொஞ்சம் யோசிச்சிட்டு, மூண்டு நாளா இடது கால் உளையுது எண்டா. நான் அதை எழுதினன். இடது கால் உளைவு, மூண்டு நாள். எழுதிப்போட்டுப் பேனையை மூடினன். பிள்ளையைக் கொஞ்சினன், தேத்தண்ணியைக் குடிச்சன், வெளிக்கிட்டன். போர்வைக்குக் கீழ கிடந்த காலை ஒருக்கா விலத்திப் பாக்கத் தோணேல்லை. வார்டில எண்டால், காலைக் காட்டுங்க எண்டு கேட்டிருப்பன். எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருக்கிறன்.

அந்த ஞாயிறு மேடம் என்ர தாளைப் புரட்டிப் பார்த்தா. எல்லாம் சரி, கடைசிக் கேள்விக்கு எதிர்ல கட்டம் வெறுமை எண்டா. நான் என்ர முன்னோட்டத்தைக் காட்டினன். பாருங்க மேடம், ஒருத்தி கால் உளைவு எண்டு சொல்லியிருக்கிறா, இந்தக் கேள்வி இல்லாட்டி அது வந்திருக்காது எண்டு வாதாடினன். அப்ப நாப்பதில கால் உளைவைப் பத்தி ஒரு கட்டுரை கொண்டு வா, கேள்வியை விடுறன், இல்லாட்டி வெட்டு எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. அவவில பிழை சொல்ல ஒண்டுமில்லை. தாளில இருக்கிற பொம்பிளை யார், எனக்கு என்ன உறவு எண்டு அவவுக்குத் தெரியாது.

எனக்கு ரோசம் வந்திட்டுது. எங்கட பொம்பிளையள் சொல்ற ஒரு விசயத்துக்கு இங்கிலீஷில ஒருத்தரும் எழுதாமலா விட்டிருப்பாங்க எண்டு. கோச்சியில தொடங்கினன் தேட. டவருக்குப் பக்கத்தில வந்தால் சிக்னல் வரும், கடந்தால் போகும். ட்யூட்டி முடிஞ்சு, இன்டர்நெட் இருந்த கொமியூனிகேசன் கடையில உக்காந்து தேடினன். கால் நோவு எண்டு அடிச்சால் பந்து விளையாடுறவங்கட கால் வந்தது. பிள்ளைத்தாச்சி கால் எண்டு அடிச்சால் கெண்டை பிடிக்கிற கதை வந்தது. எனக்கு வேணும் எண்டது வரேல்லை. இன்னும் விளக்கமான சொல்லுகள் இருந்தால்தான் தேடலாம் எண்டு விளங்கினது.

அதுக்கு நான் என்ன செய்தன் தெரியுமா? மச்சிக்குப் போன் எடுத்தன்.

அண்டைக்குச் சொன்னீங்களே கால் உளைவு, அது எந்த இடத்தில எண்டு கேட்டன். அவ வடிவாச் சொன்னா. முழங்காலுக்குக் கீழ, பின்பக்கச் சதை. இடது கால் மட்டும், வலதில ஒண்டுமில்லை. இறுகிப்போய் இருக்கு. உம்மா தைலம் தேய்ச்சவ, தேய்க்கேக்க அந்த இடம் சுட்டதாம். நான் ஒவ்வொண்டையும் கொப்பியில எழுதினன். இப்பிடி விளக்கமாச் சொன்னால்தான் மச்சி தேடலாம் எண்டு சந்தோசமாச் சொன்னன். 

"தேடுங்க மச்சி," எண்டா. "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

ஒரு காலில மட்டும் நோவு, இறுக்கம், சூடு, கட்டிலை விட்டு இறங்காத, தண்ணி குடிக்காத, புதுசாப் பிள்ளை பெத்தவ. முதலாம் வருசப் பிள்ளையைக் கேட்டாலும் இரத்தம் கட்டியிருக்கு எண்டு சொல்லும். அது கழண்டு நெஞ்சுக்கு ஏறினால் ஆள் முடிஞ்சுது எண்டு சொல்லும். என்ர வார்டில கால் முறிஞ்சு படுத்திருக்கிற ஆம்பிளையளுக்கு அதுக்காகத்தான் நாளாந்தம் ஊசி போடுறன். எனக்குத் தெரியாத விசயமே இல்லை. ஆனால் நான் அந்தச் சொல்லுகளை வாங்கினது ஒரு காலுக்கு இல்லை, ஒரு கட்டத்துக்கு. என்ர கண்ணுக்கு முன்னால அந்த வெறுங்கட்டம் மட்டும்தான் நிண்டது.

அந்தச் சொல்லுகளைப் போட்டுத் தேடினன், உடனே வந்தது. பிள்ளை பெத்த பிறகு காலில வாற கோளாறுகளைப் பத்தின கட்டுரை. சுருக்கம் நாலு வரிதான், அதில அறிகுறி ஒண்டும் இல்லை. கீழ பூட்டு. தலைப்பைச் சவூதிக்கு அனுப்பினன். லீவு வரட்டும் எண்டு பதில் வந்தது. காத்திருந்தன். இடையில ரெண்டு தரம் மச்சி வீட்டு ஒழுங்கையால போனன். ஒரு தரம் வாசலில நிண்டு, சுகம்தானே எண்டு கேட்டன். மாமி சுகம் எண்டா. உள்ளுக்குப் போனால் நேரம் போகும் எண்டு வந்திட்டன்.

மச்சியைக் கேள்வி கேட்ட நாளில இருந்து ஒன்பதாம் நாள், காலமை ட்யூட்டியில, பத்து மணித் தேத்தண்ணிக்கு உக்காரேக்க போன் அடிச்சுது. கட்டுரை வந்திட்டுது. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சத்தமாவே சொல்லிப்போட்டன். சிநேகிதிக்கு நாலு இதயம் அனுப்பினன். பக்கத்தில இருந்த நேர்ஸ் மிஸ், என்ன சம்பளம் கூடினதா எண்டு பகிடி பண்ணினா.

மூண்டாம் பக்கத்தில அட்டவணை. அறிகுறியள் கீழ கீழ போட்டிருந்தது. நான் என்ர கொப்பியை எடுத்து, மச்சி சொன்னதோட ஒப்பிட்டு டிக் போட்டன். ஒரு கால் மட்டும், டிக். கெண்டைச் சதை, டிக். இறுக்கம், டிக். தொட்டால் சூடு, டிக். நாலும் சரி. கட்டம் நிரம்பிட்டுது எண்டு மனம் குதிச்சது. அதுக்குப் பிறகுதான் அட்டவணையின்ர தலைப்பை வாசிச்சன், என்ன வருத்தத்தின்ர அறிகுறி எண்டு.

யா அல்லாஹ்.

மச்சிக்குப் போன் எடுத்தன், அடிச்சு ஓய்ஞ்சது. மாமிக்கு எடுத்தன். ராவில இருந்து அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது, காத்துப் பிடிப்பு எண்டு நினைச்சு வென்னீர் வார்க்கப் போறன் எண்டா. எழும்ப விடாதீங்க, காலைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க எண்டு நான் கத்தினதில வார்டில நோயாளியள் எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பெரிய மிஸ்ஸிட்டச் சொல்லிப்போட்டு, தெரிஞ்ச ஓட்டோக்காரரைப் பிடிச்சு, சீருடையோட ஓடினன்.

போர்வையை விலத்தினன். ரெண்டு காலும் ஒரே ஆளுடையது எண்டு சொல்லேலாது. இடது கால் பளபளவெண்டு வீங்கி, நிறம் மாறிக் கிடந்தது. மச்சி பேசப் பேச மூச்சு அறுந்தது. நாங்கள் மூண்டு பேர் பாயோட தூக்கித்தான் ஓட்டோவில ஏத்தினம். முதல் என்ர ஆஸ்பத்திரி, அங்க ஊசி போட்டு, ஒட்சிசன் பிடிச்சு, அம்புலன்ஸில சிலாபம். நான் பக்கத்தில இருந்து நாடியைப் பிடிச்சுக்கொண்டு போனன். கட்டியில ஒரு துண்டு நெஞ்சுக்கு ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கதை வேற எண்டு டொக்டர் சொன்னார். நல்ல நேரம் நீங்க பிடிச்சீங்க மிஸ் எண்டும் சொன்னார். அதை மாமி கேட்டா. அங்க தொடங்கினதுதான் இந்தக் கதை.

தம்பி மன்னாரில இருந்து வந்து சேர்ந்து, என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு அழுதான். ராத்தா, ராத்தா எண்டு கூப்பிட்டுக்கொண்டே நிண்டான். நான் கையை இழுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

அஞ்சாம் நாள் மச்சியைச் சாதாரண வார்டுக்கு மாத்தினாங்க. பிள்ளை வீட்டில மாமியிட்டப் போத்தல் பால் குடிச்சுக்கொண்டிருந்தது. மச்சியின்ர நெஞ்சு பால் கட்டிக் கல்லாக் கிடந்தது. நான் ஒத்தடம் குடுத்துக்கொண்டிருந்தன். ரெண்டு பேரும் தனியத்தான். நான் கேட்டன், கால் அவ்வளவு வீங்கேக்க ஏன் மச்சி ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பேல்லை, மாமியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே எண்டு. கேக்கேக்க என்ர குரலில கோவம் கூட இருந்தது. என்னில இருந்த கோவத்தை அவவில காட்டினன்.

"உம்மா ரெண்டு தரம் போவம் எண்டு நிண்டவ," எண்டா மச்சி. "நான்தான் வேணாம் எண்டன். நீங்க எழுதிக்கொண்டு போனீங்கதானே. பிறகு போன் எடுத்தும் கேட்டீங்க. மச்சி தேடிக்கொண்டிருக்கிறா, ஏதும் எண்டால் வந்து சொல்லுவா எண்டு இருந்தன்."

குத்திச் சொல்லேல்லை. மனசில ஒரு கறளும் இல்லாமல், உள்ளதைச் சொன்னா. எனக்கு அவவின்ர முகத்தைப் பாக்க ஏலேல்லை. துணியை வென்னீரில நனைச்சு நனைச்சுப் பிழிஞ்சுகொண்டிருந்தன். மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லேல்லை. சொன்னால், ஏன் எண்டு கேப்பா. நான் ஒண்டும் எழுதாமல் போயிருந்தால் அவ மாமியோட முதல் தரமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா எண்டு நான் அவவுக்கு எப்பிடிச் சொல்றது?

மேடத்திட்ட மட்டும் சொன்னன். வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, ஒண்டும் விடாமல். புத்தி சொல்லாதே எண்டு நான் சொன்னது ஆளைக் கைவிடு எண்டு இல்லை மகள் எண்டா அவ. அது எனக்கும் தெரியும். ஆய்வை விடப் போறன் எண்டன். விடாதே எண்டா. மச்சியின்ர கதையை ஆய்வுக்குள்ள போடலாமோ எண்டு கேட்டன். முன்னோட்டத் தாள்களைச் சேர்க்கிறது இல்லை, அது ஒழுங்கு எண்டா. அவவும் கண்ணைத் துடைச்சுக்கொண்டுதான் சொன்னா.

பிறகு நான் வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டன். கேட்டு முடிஞ்ச கையோட ஃபைலை மூடி வைச்சிட்டு, காலைக் காட்டுங்க எண்டு ஒவ்வொருத்தியின்ர காலையும் தொட்டுப் பார்த்தன். தண்ணி குடியுங்க எண்டு மாமிமாரோட சண்டை பிடிச்சன். பட்டம் கிடைச்சுது. நேர்முகத்தில, வாசிச்ச கட்டுரையளை நல்லாத் தேடி எடுத்திருக்கிறீர் எண்டு புகழ்ந்தாங்க.

ஆய்வுப் புத்தகத்தைக் கட்டி எடுத்த கிழமை மன்னாருக்குப் போனன். மச்சி வீட்டு வாசலில நிண்டா. இடது காலில இறுக்கமான காலுறை. அதைப் போடாமல் அவவுக்குப் பின்னேரம் நிக்கேலாது, இனி எப்பவும் அப்பிடித்தான். பிள்ளை அவவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து திரிஞ்சுது. தம்பி புத்தகத்தை வாங்கி, பொன்னெழுத்தைத் தடவிப் பார்த்திட்டு மனிசியிட்டக் குடுத்தான். அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மடியில வைச்சு ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா.

"என்ர கால் எதில மச்சி வருது?" எண்டு கேட்டா.

அந்தப் புத்தகத்தில அவவின்ர கால் ஒரு வரியிலயும் இல்லை. நான் குனிஞ்சு, வேற பொம்பிளையளின்ர கணக்குப் போட்டிருந்த ஒரு அட்டவணையை எடுத்து, இதிலதான் எண்டு விரலை வைச்சுக் காட்டினன். மச்சி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தா. பிறகு, தேடாமல் எடுக்கலாம் எண்டு, அந்தப் பக்கத்தின்ர மூலையை மடிச்சு வைச்சா.